‘புரோவே போட்டுத் தாங்கோ அக்கா’

கம்பியூட்டர் கேள்வி – பதில்

காலபோக நெல்லுக்குக் காசு கையில் வந்ததும் எங்கட பக்கத்தில் லப்டொப் வாங்கும் பருவம் தொடங்கிவிடும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: விண்டோஸில் ஹோம் பதிப்பு எடுப்பதா, புரோ பதிப்பு எடுப்பதா? ஆகவே இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிரிண்டர் மை, பென் டிரைவ் வைரஸ் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கோ.

மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறா. கிளிநொச்சியில் ஒரு கடையில் லப்டொப் பார்த்தோம். அதில் இருப்பது ஹோம். “வீட்டுப் பாவனைக்குத்தான் ஹோம், படிப்பெண்டால் புரோ வேணும்” என்று சொல்லி 30,000 ரூபா கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், மல்லாவி

கொடுக்க வேண்டாம் அக்கா.

மகள் செய்யப்போவது என்ன? வேர்ட், எக்ஸெல், கொஞ்சம் பைதன், சூம் வகுப்பு, பழைய வினாத்தாள்கள். இதில் ஹோமில் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே விண்டோஸ். வைரஸைத் தடுக்கும் டிபெண்டர் ஒன்று, மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிடைக்கும் 24 மாத ஆதரவும் ஒன்றுதான். புரோவில் கூட இருப்பவை பெரும்பாலும் ஒரு கம்பியூட்டரை இன்னொருவர் நிர்வகிப்பதற்கான வசதிகள்: அலுவலகத்தின் மையக் கம்பியூட்டரான சேர்வரோடு இணைப்பது, எதைத் திறக்கலாம் எதை மாற்றலாம் என்று விதி போடும் குரூப் பொலிசி, தூர இருந்து அதற்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டொப். அதோடு டிஸ்க்கை முழுதாகப் பூட்டும் பிட்லொக்கர், கம்பியூட்டருக்குள் இன்னொரு கம்பியூட்டர் ஓட்டும் ஹைப்பர்-வி. உங்கள் மகளின் லப்டொப்பை நிர்வகிக்கப் போவது மகளும், பின்னால் நின்று எட்டிப்பார்க்கும் நீங்களும்தான். எட்டிப்பார்ப்பதற்கான பமிலி சேப்டி ஹோமிலேயே இருக்கிறது.

கடைக்காரர் சொன்ன தொகை வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஹோமிலிருந்து புரோவுக்கு ஏற மைக்ரோசொப்ட் அமெரிக்காவில் வாங்குவது 99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் அந்தக் கணக்குத்தான் வருகிறது. ஆனால் அந்த ஏற்றத்தை எப்போதும் செய்யலாம். மகள் பல்கலைக்கழகம் போய், உண்மையிலேயே தேவை வந்தால், மைக்ரோசொப்ட் ஸ்டோரில் காசு கட்டி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய அதே லப்டொப் புரோவாகிவிடும். பைல் ஒன்றும் அழியாது. இன்றைக்கே கட்டிவைக்க என்ன அவசரம்?

அந்த 30,000இல் ராமைப் பாருங்கோ, கம்பியூட்டர் வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம் அது. 8 ஜிபி என்றால் 16 ஆக்கலாமா என்று கேளுங்கோ. சில மெல்லிய லப்டொப்புகளில் ராம் மதர்போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட ஏலாது. வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. மிச்சக் காசுக்கு வெளியில் கொழுவும் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மகளின் செயற்திட்ட வேலைகளை மாதம் ஒருதரம் அதில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று. விலை குறைந்த சில லப்டொப்புகள் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் வரும். அதில் ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒன்றும் இன்ஸ்டோல் ஆகாது. இதைக் காட்டி “பார்த்தீங்களா, ஹோம் எண்டால் இப்பிடித்தான்” என்று யாரும் சொன்னால் நம்பாதீங்கோ. எஸ் மோடிலிருந்து வெளியே வருவது ஸ்டோரிலேயே இலவசம். வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, அவ்வளவுதான்.

என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்பியூட்டர். புரோ போட்டால் வேகமாகுமா?
– விசுவமடு வாசகர்

ஆகாது. ஹோம் 128 ஜிபி ராம் வரைக்கும் தாங்கும், புரோ 2 டெராபைட் வரைக்கும். உங்கள் 4 ஜிபிக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. போடுங்கோ, வேகம் என்றால் என்ன என்று தெரியும்.

நான் இளைப்பாறிய ஆசிரியர். எங்கள் பகுதியில் கம்பியூட்டர் வந்த காலத்திலிருந்து எல்லாரும் ‘புரொபஷனல்’தான் போடுவார்கள். ஹோம் என்ற ஒன்றை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். முன்பு ஹோம் இருக்கவில்லையா?
– ஒட்டுசுட்டான்

இருந்தது ஐயா. எங்களிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 ஒக்டோபரில். அன்றைக்கே ஹோம் எடிஷன், புரொபஷனல் என்று இரண்டாகத்தான் கடைக்கு வந்தது. எக்ஸ்பியோடு மைக்ரோசொப்ட் ஒரு புதுப் பூட்டும் போட்டது: கீ என்ற உரிம இலக்கத்தை அடித்தால் மட்டும் போதாது, அதை மைக்ரோசொப்டிடம் உறுதிப்படுத்தி அக்டிவேட் செய்ய வேணும். ஆனால் பெரிய கம்பனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்த சீடிக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆயிரம் கம்பியூட்டர் வைத்திருக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக அக்டிவேட் செய்யச் சொல்ல முடியாதே. அந்த மொத்த உரிமச் சீடி வந்தது புரொபஷனலில் மட்டும். கள்ளப் பிரதி எடுத்தவர்கள் எதைத் தேடிப் பிடித்திருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2002இல் ஏ9 என்ற கண்டி–யாழ்ப்பாண வீதி திறந்த பிறகு கொழும்பிலிருந்து வன்னிக்கு வந்த சீடி எல்லாம் அந்த வம்சம்தான். வெள்ளைச் சீடி, மேலே மார்க்கரால் ‘எக்ஸ்பி புரோ’ என்று எழுத்து, உறைக்குள் ஒரு துண்டில் கீ. கறண்ட் லைன் இல்லாத காலம். ஜெனரேற்றர் ஓடும் மணித்தியாலத்துக்குள் இன்ஸ்டோல் பண்ணி முடிக்க வேணும். 39 நிமிடம் என்று காட்டிக்கொண்டு நிற்கும்போது மண்ணெண்ணெய் முடிந்துவிடும் என்ற பயம் அந்தக் காலத்துப் பொடியள் எல்லாருக்கும் தெரியும். பிறகு விண்டோஸ் செவின் வந்தபோது அதே பழக்கத்தில் ‘அல்டிமேட்’. எது பெரிதோ அதையே போடு. காசு கொடுக்காத இடத்தில் சின்னதை ஏன் எடுக்கப்போகிறோம்?

அப்போது ஹோமுக்கும் புரோவுக்கும் இடைவெளியும் கொஞ்சம் பெரிதுதான். எக்ஸ்பி ஹோமோடு நெட்வேர்க்கில் ஒரே நேரத்தில் 5 கம்பியூட்டர்தான் இணையலாம், புரோவோடு 10. இன்றைய ஹோமில் அந்த எல்லை 20. ஆகவே இன்றைக்கும் என் கடைக்கு வந்து “புரோவே போட்டுத் தாங்கோ அக்கா” என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது பழக்கம். இப்போது லப்டொப்போடு காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் வருகிறது, அதனால்தான் ஹோம் உங்கள் கண்ணில் படுகிறது.

புதுக்குடியிருப்பில் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பங்கள். மூன்று கம்பியூட்டர், மூன்றிலும் ஹோம். “யாவாரத்துக்கு ஹோம் பாவிக்கிறது சட்டப்படி பிழை” என்கிறார் நண்பர் ஒருவர். மூன்றையும் புரோ ஆக்க வேண்டுமா?

சட்டப்படி பிழை இல்லைத் தம்பி. ஹோமை யாவாரத்தில் பாவிக்கக்கூடாது என்று விண்டோஸ் உரிமத்தில் எங்கும் இல்லை. 2021 வரை வந்த ‘ஒஃபீஸ் ஹோம் அன்ட் ஸ்டூடன்ட்’டுக்குத்தான் அந்தத் தடை இருந்தது. நண்பர் அதையும் இதையும் ஒன்றாக்கிவிட்டார்.

ஆனால் இம்முறை எழுதிய எல்லாரிலும் உங்களோடுதான் நான் புரோவைப் பற்றிக் கதைக்க வேணும்.

உங்கள் ஸ்கேன் கம்பியூட்டரின் டெஸ்க்டொப்பைத் திறந்து பாருங்கோ. நான் போய்ப் பார்த்த கொமினிகேஷன்களில் எல்லாம் ஒரே காட்சிதான். பின்னால் என்ன படம் என்றே தெரியாத அளவுக்குப் பைல்கள். ஸ்கேன் 001, ஸ்கேன் 002. நியூ போல்டர், நியூ போல்டர் 2, அதற்குள் இன்னொரு நியூ போல்டர். ‘அன்ரி ஐசி பின்பக்கம்’. ‘கனடா அண்ணா பாஸ்போர்ட்’. ஒருவரின் காணி அனுமதிப்பத்திரம், ஒருவரின் வங்கிப் புத்தக முதற்பக்கம், மரணச் சான்றிதழ், மகப்பேற்றுக் கிளினிக் அட்டை. போன வருடம் வந்தவர்களின் பைலும் அங்கேதான் கிடக்கும். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பிரதேச செயலகத்திலும் பதிவாளரிடமும் வரிசையில் நின்று திரும்ப எடுத்த பத்திரங்கள் இவை. ஊரில் பாதிப்பேரின் அடையாளம் உங்கள் மேசைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. தனிப்பட்ட தரவைக் காப்பதற்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் என்றொன்று நாட்டில் வந்திருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கோ.

விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன் என்பீர்கள். பூட்டாத டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்பியூட்டரில் கொழுவினால் அந்தப் பாஸ்வேர்ட் ஒன்றையும் தடுக்காது. களவுபோன பெட்டிக்கும் அப்படித்தான், திருத்தக் கொடுத்த பெட்டிக்கும் அப்படித்தான்.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. ஸ்கேன் செய்தவை டெஸ்க்டொப்பில் விழாமல் டவுன்லோட்ஸ் போல்டரில் விழும்படி மாற்றுங்கோ. பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ். அதை ஒவ்வொரு நாளும் ஓடச் சொல்லி, டவுன்லோட்ஸில் ஒரு நாளுக்கு மேல் திறக்கப்படாமல் கிடக்கும் பைலை அழிக்கச் சொல்லலாம். ரீசைக்கிள் பின்னுக்கும் அதே மாதிரி. இது ஹோமிலேயே இருக்கிறது. உங்கள் சொந்தப் பைல்களை மட்டும் முதலில் வேறு போல்டருக்கு மாற்றிவிடுங்கோ.

இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டுவது. செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்கியூரிட்டிக்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்றொரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கோ. புதிய கம்பியூட்டர்களில் ஹோமிலும் இருக்கும். இருந்தால், மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்து போட்டுவிடுங்கோ, வேலை முடிந்தது. இல்லாவிட்டால்தான் புரோவும் அதன் பிட்லொக்கரும். பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் இல்லாத பழைய பெட்டியைக்கூடக் குரூப் பொலிசியில் ஒரு விதியை மாற்றி, பாஸ்வேர்டோடு பூட்ட புரோ விடும். சாவியைக் கடதாசியில் அச்சடித்து எடுக்கலாம், பென் டிரைவையும் பூட்டலாம். புரோவில் பூட்டிய பென் டிரைவை ஹோமில் திறக்கலாம். ஹோமில் இருந்துகொண்டு பூட்டத்தான் முடியாது.

ஆகவே மூன்றுக்கும் வேண்டாம். ஸ்கேன் செய்யும் ஒன்றுக்கு மட்டும், அதிலும் சுவிட்ச் இல்லாவிட்டால் மட்டும். வாடிக்கையாளர் வந்திருந்து தட்டும் கம்பியூட்டருக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று திறந்துவிட்டால் போதும்.

பூட்டப்போகும் எல்லாருக்கும், ஹோம் என்றாலும் புரோ என்றாலும், ஒரு விசயம் சொல்லியாக வேணும். பூட்டும்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டாகும். பயோஸ் (விண்டோஸுக்கு முதல் ஓடும் அடிப்படைச் சொப்ட்வெயார்) அப்டேட், மதர்போர்ட் மாற்றம் என்று ஏதாவது நடந்தால் நீலத்திரை வந்து அந்த 48 இலக்கத்தையும் கேட்கும். முன்பள்ளி ஆசிரியை ஒருவர் போர்ட் பழுதென்று லப்டொப்பைக் கொண்டுவந்தா. போர்டை மாற்றியதும் திரை சாவி கேட்டது. அவவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டிலிருந்து புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தால், கேட்காமலே பூட்டிக்கொண்டுவிடும்; ஹோமும் அப்படித்தான். சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் கிடக்கும், எடுக்கலாம் என்றேன். எந்தக் கணக்கு? விற்ற கடைப் பொடியன் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ அடிக்கும்போது அந்த நேரம் மனதில் வந்த ஒரு மெயில் முகவரியைத் திறந்திருக்கிறான். பாஸ்வேர்ட் அவனுக்கும் நினைவில்லை. பிள்ளைகளின் விளையாட்டுவிழாப் படங்கள், வரவுப் பதிவு எல்லாம் டிஸ்க்குக்குள் பத்திரமாக இருக்கின்றன, யாராலும் திறக்க முடியாமல். தொலைந்த சாவியை மைக்ரோசொப்டின் உதவிப் பிரிவும் எடுத்துத் தராது.

ஆகவே புது லப்டொப் வாங்கினால் கணக்கை உங்கள் போன் இலக்கத்தோடு, உங்கள் கையாலேயே திறவுங்கோ. அன்றைக்கே கணக்கின் பக்கத்தில் டிவைஸஸ் என்ற இடத்துக்குப் போய் அந்த 48 இலக்கத்தையும் கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கோ. லப்டொப் பைக்குள் வைக்க வேண்டாம்.

கனடாவிலிருந்து வந்த அத்தான் ஒரு கம்பனி கழித்த லப்டொப்பைத் தந்துவிட்டுப் போனார். நல்ல சாமான், விண்டோஸ் புரோ. ரீசெட் செய்ததும் ஏதோ கம்பனியின் பெயர் வந்து, அவர்களின் மெயில் முகவரியைக் கேட்கிறது. விண்டோஸை அழித்துப் போட்டாலும் வைபை கொடுத்ததும் அதேதான். என்ன செய்யலாம்?
– தருமபுரம்

இது புரோவுக்குள் இருக்கும் நிர்வாக வசதியின் மறுபக்கம். அந்தக் கம்பனி தன் லப்டொப்புகளை ‘ஓட்டோபைலட்’ என்ற சேவையில் பதிந்திருக்கிறது. பதிந்திருப்பது விண்டோஸை இல்லை, அந்தப் பெட்டியையே. அதனால் அழித்துப் போட்டாலும் இணையம் கிடைத்ததும் எசமானைக் கேட்கும். அதை எடுத்துவிடக்கூடியவர்கள் அந்தக் கம்பனியின் கம்பியூட்டர் பிரிவினர் மட்டும்தான். அத்தான் முறையாக வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டையும் சீரியல் இலக்கத்தையும் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கோ. பெரும்பாலும் மறந்துபோய்த்தான் விட்டிருப்பார்கள். “எடுத்துத் தாறன்” என்று காசு கேட்பவர்களிடம் போகாதீங்கோ.

வெளிநாட்டுப் பழைய லப்டொப் வாங்க நினைப்பவர்கள் காசு கொடுக்க முன் வைபையோடு ஒருமுறை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கோ. சும்மா விண்டோஸ் திறந்து காட்டினால் போதாது. கூடவே புரொசெசரின் இலக்கத்தையும் பாருங்கோ. இன்டெல் ஐ5க்குப் பிறகு 8250 என்றிருந்தால் அது எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கும். 7300 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளருக்கு நீட்டித்துக் கொடுத்த பாதுகாப்பு அப்டேட்டும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும்தான். “புரோ இருக்குது” என்று சொல்லி ஏழாம் தலைமுறையை விற்பவர்கள் ஏ9 நெடுக இருக்கிறார்கள்.

அப்டேட் டேட்டாவைக் குடித்துத் தீர்க்கிறது. புரோ என்றால் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தலாமாமே?
– நெடுங்கேணி

நிரந்தரமாக நிறுத்தவும் வேண்டாம், அதற்காகப் புரோவும் வேண்டாம். ஹோமில் ஒரே தடவையில் 5 கிழமை வரை அப்டேட்டைத் தள்ளிப்போடலாம். உங்கள் வைபையின் விபரத்துக்குள் போய் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதைப் போட்டுவிட்டால் பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. மாதம் ஒருநாள், இரவு டேட்டா மிச்சம் கிடக்கும் நேரமாகப் பார்த்து அந்த மீட்டர்டை நிறுத்திவிட்டு அப்டேட்டை இறக்குங்கோ. வீட்டில் இரண்டு கம்பியூட்டர் இருந்தால் ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்பதைப் பாருங்கோ. ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். புரோவில் கூடக் கிடைப்பது ஒத்திவைக்கும் காலத்தை விதியாக எழுதிவைப்பது: மாதாந்த அப்டேட்டை 30 நாள், வருடாந்தப் பெரியதை 365 நாள். பத்துக் கம்பியூட்டரை ஒருவர் பார்க்கும் இடத்தில் அது உதவும்.

எங்கள் சங்கத்துக்கு நான்கு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர் வாங்க விலைமனு கேட்டோம். “நெட்வேர்க்கிங் செய்ய புரோ கட்டாயம்” என்று நான்குக்கும் புரோ போட்டிருக்கிறார்கள். தலைவர் வவுனியாவில் இருக்கிறார், அவர் அங்கிருந்து கணக்கைப் பார்க்கவும் வேண்டும்.
– ஒரு செயலாளர், மாங்குளம்

பிரிண்டரைப் பகிர, போல்டரைப் பகிர ஹோமே போதும். புரோ தேவைப்படுவது, எல்லாக் கம்பியூட்டர்களையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் இணைக்க. டொமைனுக்கு விண்டோஸ் சேர்வர் ஒன்றோ, மாதச் சந்தாவில் கிடைக்கும் மைக்ரோசொப்டின் கிளவுட் சேவையோ இருக்க வேணும், அதைப் பார்க்க ஒரு ஆளும் வேணும். உங்கள் விலைமனுவில் அது இரண்டும் இருக்கிறதா? இல்லையென்றால் கிணறு வெட்டாமல் மோட்டர் வாங்கிய கதைதான்.

தலைவரின் விசயம் வேறு. ரிமோட் டெஸ்க்டொப்பால் நுழைய வேண்டுமென்றால், நுழையப்படும் கம்பியூட்டர் புரோவாக இருக்க வேணும். தலைவரின் கையில் இருப்பது ஹோம் என்றாலும் பரவாயில்லை. ஆகவே நான்கு இல்லை, கணக்கு வைத்திருக்கும் ஒன்று. ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருப்பது சிம் போட்ட 4ஜி ரௌட்டர் என்றால் வெளியிலிருந்து அந்த வழியில் நேராக உள்ளே வர பெரும்பாலும் விடாது. பைபர் லைன் இருந்து, “ரௌட்டரில் ஒரு போர்ட் திறந்துவிடுறன்” (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி) என்று யாராவது சொன்னால் விடாதீங்கோ. கப்பம் கேட்கும் வைரஸ்கள் வெளியில் திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பைத்தான் உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிகின்றன. அங்கத்தவர் பெயர், கடன் நிலுவை எல்லாம் இருக்கும் கம்பியூட்டர் இது.

தலைவர் மாதம் ஒன்றிரண்டு தரம் பார்க்கத்தானே போகிறார்? விண்டோஸிலேயே ‘குயிக் அசிஸ்ட்’ இருக்கிறது, ஹோமிலும் உண்டு. நீங்கள் பக்கத்தில் இருந்து அனுமதி கொடுத்தால் அவர் பார்ப்பார், முடிந்ததும் மூடிவிடலாம். குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பும் இலவசம். மூன்று புரோவுக்கான காசில் யூ.பி.எஸ். வாங்குங்கோ. மழைக்காலத்தில் கறண்ட் போய்ப் போய் வரும்போது டெஸ்க்டொப்பும் கணக்குப் பைலும் படும் பாடு எனக்குத் தெரியும். சங்கக் கணக்கு இருக்கும் அந்த ஒரு கம்பியூட்டரைப் பூட்டிவையுங்கோ. மேலே புதுக்குடியிருப்புத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். லினக்ஸ் பழக ஹைப்பர்-வி வேண்டும், அது ஹோமில் இல்லை.

வேண்டாம் தங்கச்சி. ஹைப்பர்-வி மாதிரியே வேலை செய்யும் வேர்ச்சுவல் பொக்ஸ் இலவசம், ஹோமில் ஓடும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 ஹோமிலேயே இருக்கிறது, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நேரே அதற்குள் போடலாம். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டொக்கரும் அதன் மேல் ஓடும். அதற்கு முதல் உங்கள் பீடத்தில் ஒருதரம் கேளுங்கோ. கல்வி நிறுவனங்களுக்கென்று ‘எடியுகேஷன்’ என்றொரு பதிப்பு உண்டு, புரோவில் உள்ளதெல்லாம் அதில் இருக்கும்.

அண்ணா பாரிஸிலிருந்து கொண்டுவந்த லப்டொப்பில் எல்லாம் பிரெஞ்சு. புரோ போட்டால்தான் மொழி மாற்றலாம் என்கிறார்கள்.
– முள்ளியவளை

எந்த ஹோம் என்று பார்க்க வேணும். விண்டோஸ் பொத்தானோடு ‘ஐ’யை அழுத்தினால் எந்த மொழியிலும் செட்டிங்ஸ் திறக்கும். முதலாவது பகுதியின் அடியில் ‘அபவுட்’ என்ற இடத்தில் பதிப்பின் பெயர் இருக்கும். வெறும் ‘ஹோம்’ என்றால் மணிக்கூட்டுப் படம் போட்ட பகுதிக்குள் போய் ஆங்கிலத்தையோ தமிழையோ சேர்த்துக்கொள்ளலாம், செலவில்லை. ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்றிருந்தால்தான் ஒரே மொழியில் நிற்கும். எங்கட பக்கத்துக் கடைகளில் புதிதாக விற்பவற்றில் அது நிறைய உண்டு. ஐரோப்பாவில் வாங்கியதில் இருக்க வாய்ப்புக் குறைவு. தமிழில் தட்டுவதற்கு எந்தப் பதிப்பும் தடையில்லை. விசைப்பலகையில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கியூ’ அச்சடித்திருப்பதைத்தான் விண்டோஸால் மாற்ற முடியாது. ஸ்டிக்கர் ஒட்டுங்கோ.

பேஸ்புக்கில் ஒருவர் 1,500 ரூபாவுக்குப் புரோ கீ விற்கிறார். அக்டிவேட் ஆகியும் விட்டது. பிரச்சினை வருமா?

செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போய் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கோ. உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவையால் அக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் யோசிக்க வேணும்: உங்களுக்கு ஏது நிறுவனம்? அந்த முறையில் 180 நாளுக்குள் நிறுவனத்தின் சேர்வரைத் திரும்பத் தொட்டாக வேணும். உங்கள் கம்பியூட்டருக்குள் அந்தச் சேர்வர் மாதிரி நடிக்கும் ஒரு சொப்ட்வெயாரை வைத்திருப்பார்கள். “போட முன்னம் அன்ரிவைரஸை நிப்பாட்டுங்கோ” என்று சொன்னார்களா? சொன்னால் நீங்கள் 1,500 ரூபா கொடுத்துக் கதவையும் திறந்துவிட்டீர்கள். மற்ற வகை மலிவுக் கீகள் எங்கோ ஒரு கம்பனிக்கு மொத்தமாகக் கொடுத்தவை. மைக்ரோசொப்ட் கண்டுபிடிக்கும் நாளில் நின்றுவிடும். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கம்பியூட்டர் சொப்ட்வெயாரும் அடங்கும். லப்டொப்போடு ஹோம் வந்திருந்தால் அதன் கீ மதர்போர்டுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸைத் திரும்பப் போட்டால் கேட்காமலே ஹோமாக வந்து, இணையம் கிடைத்ததும் அக்டிவேட் ஆகிவிடும். முதலில் உங்கள் பைல்களைப் பிரதி எடுத்துவிட்டு அதைச் செய்யுங்கோ.

புரோவே போட்டுவிட்டேன், காசும் கட்டிவிட்டேன். இப்போது தேவையில்லை என்று தெரிகிறது. ஹோமுக்கு இறங்கலாமா?
– அக்கராயன்

ஏறினால் இறங்கும் படி இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேணும், கட்டிய காசும் திரும்பாது. இருக்கட்டும். பிட்லொக்கரைப் போட்டுப் பாவியுங்கோ.